அம்மாவுக்கு வந்த ஃபோன்

மும்பை மாட்டுங்காவில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில், மாப்பிள்ளை வெளிநாடு என்றால் விசாவுக்காக முதலில் ரிஜிஸ்டர் கல்யாணம். ஊரறிய முகூர்த்தம் பிறகுதான். அதுவரை அக்கம்பக்கத்தில் மூச்சு விடமாட்டோம். என் கணவர் ஆஸ்திரேலியர் என்பதால் இன்னும் ரகசியம். அம்மாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு ஆஸ்திரேலிய விசா மறுக்கப்பட்டது. கணபதி பண்டிகை சமயத்தில் விசா அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து விசாரித்தபோது, "என் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"எதிராத்து மாமி காபி குடிச்சிண்டு உக்காந்திருந்தாடி. அவ முன்னாடி எப்படிச் சொல்றது? பில்டிங் பூரா பரவிடாதா?" என்று அழுதாள்.

நம்பினேன். நான்தான் அவளைத் தேற்றினேன். கணவரிடமும் அவளுக்காகப் பரிந்து பேசினேன்.

ஒரு நாள் லிஃப்டில் அந்த மாமியைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கணபதி சமயத்துல எங்காத்துல நீங்க இருந்தப்போ அம்மாவுக்கு ஒரு ஃபோன் வந்ததே, ஞாபகம் இருக்கா மாமி?"

"கணபதிக்கா? நான் புனேல பொண்ணாத்துல இருந்தேனேடி. உங்கம்மாகிட்டதானே சாவியக் குடுத்துட்டுப் போனேன்!"

அம்மாவிடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், என்னைப் பிரிய மனமில்லை என்று அழுவாள். மறுபடியும் நான்தான் தேற்ற வேண்டும்.

இரண்டாம் முறை விண்ணப்பிக்கும்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாமி, எனக்குக் கல்யாணம் ஆயிடுத்து. விசாவுக்கு இந்தத் தடவை உங்க நம்பரைக் குடுக்கறேன். யாராவது ஃபோன்ல கேட்டா, ஆமான்னு சொல்வேளா?"