ஆண்கள் வார்டுக்குப் போன பவுனக்கா

பவுனக்கா, தெருவில் நின்று கூப்பிட்டால் "இன்னாடி?" என்று எட்டிப் பார்ப்பீர்களே, அந்த ஜன்னல் மூடிக்கிடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டு மணி அடித்ததும், ஷூ கம்பெனி லாக்கரில் இருந்த செல்லை எடுத்தேன். வேலை நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஒரே நம்பரிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருந்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினார். "மேரிதானே? உங்க பேஷண்ட் காலைல தவறிட்டாங்கம்மா." பெயரை அவர் சொல்லவில்லை. எந்தப் பெயரைச் சொல்வது என்று அவருக்கும் தயக்கமாக இருந்திருக்கும்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பவுனம்மாள் அவர்கள் ஒரு திருநங்கை. வயது அறுபத்து மூன்று. வாலாஜாபேட்டைப் பக்கம் பிறந்து, பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தவர். ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். ஷூவின் மேல்பாகத்தை வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பார். நானும் கம்பெனியில் சேருவதற்கு முன்னால் அந்த வேலைதான் செய்தேன். என் தையல் கோணினால், "இந்த ஷூவப் போட்டுக்கினு சென்னைக்குக் கெளம்புனவன் பேர்ணாம்பட்டுல போய் நிப்பான்டி" என்பார். தெருவே சிரிக்கும்.

கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு வைத்தியத்துக்கு வழி உண்டு. வீட்டில் தைக்கிறவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டைதான். மூன்று வருஷத்துக்கு முன் அந்த அட்டைக்காக முகாம் போட்டார்கள். அவருக்குக் கண் மங்கல். ஐந்தாவது படித்த நான்தான் ஃபாரத்தை நிரப்பினேன். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று மூன்று கட்டம் இருந்தது.

"இன்னாக்கா போடட்டும்?"

"உன் கண்ணுக்கு நான் இன்னாவாத் தெரியறேன்?"

"பொம்பளதான்."

"அப்புறம் இன்னாடி கேள்வி?"

பெண் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அட்டை வந்த அன்று அவர் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. இரண்டு மாதம் மறைத்துவிட்டார். நான் இழுத்துக்கொண்டு போன பிறகு டாக்டர் பார்த்து, ஆண்களாகப் பிறந்தவர்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார். பெண்ணாக அறுவை செய்துகொண்டாலும் அந்தச் சுரப்பி உள்ளேயே இருக்குமாம். அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார்.

காப்பீட்டு கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "ஏத்துக்கமாட்டேங்குதும்மா. அட்டைல பெண்ணுன்னு இருக்குது. இது ஆம்பளைங்களுக்குச் செய்ற ஆபரேஷன்." வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஆவலயா தம்பி? இவ்ளோ கூச்சப்படுது" என்றார் பவுனக்கா. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன.

மூன்றாம் பாலினம் என்று மாற்றலாமா என்று கேட்டேன். அது மேலிடத்துக்குப் போய் வரவேண்டுமாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். "ஆண்ணு மாத்திக்கினு வாங்க. ரெண்டு நாள்ல பாஸ் ஆய்டும்" என்றார்.

பவுனக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னார். இளவயதில் மஞ்சள்காமாலை வந்து அவரை ஆண்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள். "போர்வய இழுத்து இழுத்துப் பாத்தானுங்க மேரி. மூணு நாள் கக்கூசுக்குக்கூட போவாம கெடந்தேன். சாவுறதுக்கு எனக்குப் பயம் இல்ல. அந்த வார்டுன்னாதான் பயம்."

டாக்டர் நல்லவர். நோயாளி திருநங்கை என்று விளக்கிக் காப்பீட்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். பதில் வரும் வரும் என்று ஐந்து மாதம் ஓடியது. பவுனக்கா உடம்பு பாதியாகிவிட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் டிக் அடித்த கை என் கைதானே. கடைசியில் அவர் காலைப் பிடித்து அழுதேன். "ஆண்ணே மாத்திடலாம்க்கா. எனக்குப் பயமா இருக்குது."

என் கையைக் காலிலிருந்து எடுத்துவிட்டார். "சரி, எழுந்திரு" என்றார்.

மாற்றும் ஃபாரத்தில், வீட்டில் வைத்த பழைய பெயரில் கையெழுத்துப் போட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் போடாத கையெழுத்து தடுமாறாமல் வந்தது. "பாத்தியா, கை மறக்கல" என்றார்.

கவுண்டரில் சொன்னபடியே இரண்டு நாளில் அனுமதி வந்தது. ஆனால் நோய் எலும்புக்குப் போயிருந்தது. இனி ஆபரேஷன் வேண்டாம், வலிக்கு மருந்து தரலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். அட்டையில் இருந்தபடி ஆண்கள் வார்டு.

"பொம்பளைங்க உள்ள தங்கக்கூடாதும்மா. நாலு மணிக்கு வந்து பாருங்க" என்று வாசலில் என்னை நிறுத்தினார்கள். பவுனக்கா சக்கர நாற்காலியிலிருந்து திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "மேரி, கதவாண்டயே இருடி. எங்கியும் போய்டாத."

"இங்கியேதான் இருப்பேன்க்கா."

மூன்று நாள் இருந்தேன். நான்காவது நாள் செவ்வாய்க்கிழமை. லீவு முடிந்துவிட்டது, வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றார் சூப்பர்வைசர். பவுனக்காவிடம் சொல்லாமலே முதல் பஸ் ஏறினேன். சொன்னால் பயப்படுவார் என்று நினைத்தேன்.

உடலை வாங்கப் போனபோது அந்த நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தார். "காலைல கதவப் பாத்து உங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்கம்மா. வந்துருவாங்கன்னு சொன்னேன்" என்றார்.

அவருக்குச் சொந்தம்போல இருந்த திருநங்கைகளும் தெருப் பெண்களும் சேர்ந்து, பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினோம். மண் போடும்போது எல்லாரும் பவுனம்மா, பவுனம்மா என்றுதான் அழுதார்கள். வேறு பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

போய்வாருங்கள் அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டபோது, கதவுக்கு வெளியே நான் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?