டோரீன் காட்டாத வீடு

ஒஹையோ மாநிலத்து வெஸ்ட் ஆல்டனில் விற்பனைக்கு வரும் வீடுகளைவிட வீடு விற்றுத் தரும் முகவர்கள் அதிகம். டோரீன் ஷூமாக்கர் அவர்களில் ஒருத்தி. பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்து அலுத்துப்போய் இந்தத் தொழிலுக்கு வந்தவள். பேருந்து நிறுத்தத்துப் பலகையில் சிரிக்கும் அவள் படத்துக்கு இன்னும் நரை விழவில்லை. விற்பனையில் அவள் நடுத்தரம். விதிகளில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

முகவர் சங்கத்தின் விதிக் குழுவில் அவள் இருந்தாள். அந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டு முன்னால் ‘விரைவில் விற்பனைக்கு’ என்று பலகை நடுவார்கள்; வேண்டியவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போய்க் காட்டுவார்கள்; ஊர் கண் விழிப்பதற்குள் ‘விற்றாயிற்று’ என்று பலகையை மாற்றிவிடுவார்கள். இதை ஒழிக்கக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. ‘விரைவில்’ பலகை நிற்கும்வரை வீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. ஒருவருக்குக் காட்டினாலும் அன்றைக்கே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். காட்டிய முகவர், விதிக் குழுவின் முன்னால் பதில் சொல்ல வேண்டும். ‘யாருக்கும்’ என்றால் யார் என்று எவனோ கேட்டதற்கு, “வேலையாட்கள் தவிர்த்த எந்த மனிதருக்கும்” என்று சேர்த்தது டோரீன்தான். அந்த வரியைப் பற்றி, தான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் தேவாலயம் போகும்போது, அவள் காரில் தெருத் தெருவாகப் போய் அடுத்தவர்களின் பலகைகளைச் சரிபார்ப்பாள்.

அடுத்த வாரம் குழுத் தலைவர் தேர்தல். அவளுக்கு எதிராக நின்றவன் பிராட் லுட்விக். விதி எதையும் முழுசாகப் படிக்காமலேயே ஊரில் பாதி வீட்டை விற்றவன். வாழ்க்கையில் தானாக முன்வந்து எதையும் கேட்காத டோரீன் இந்தத் தலைவர் பதவியை மட்டும் கேட்டிருந்தாள்.

அப்போதுதான் மெர்ல் ஆக்டனின் வீடு அவள் கைக்கு வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மெர்ல், அரிசோனாவுக்குக் குடிபோகக் காத்திருந்தார். சமையலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் டோரீன் ‘விரைவில்’ பலகை நட்டு, “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு ஈ கூட உள்ள போகக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை அவள் வந்து பார்த்தால், வாசல் முழுக்க மடக்கு மேசைகள். அவற்றின் மேல் விளக்குகள், வாஃபிள் சுடும் இயந்திரம், பந்துருட்டல் போட்டிகளில் மெர்ல் வென்ற பழைய கோப்பைகள். தெருவே திரண்டிருந்தது.

“மெர்ல்! என்ன இது?”

“கராஜ் சேல். பழைய சாமானையெல்லாம் வித்துத் தள்றேன். அரிசோனாவுக்கு இதையெல்லாம் தூக்கிட்டா போவேன்?”

“யாரும் உள்ள போகக் கூடாதுன்னு சொன்னேனே!”

“யார் உள்ள போனா? கராஜ் வீட்டுக்கு வெளியேதான இருக்கு. ஈயைப் பத்தித்தான் சொன்ன, அதுவும் வரல.”

இதற்குள் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெய்லா என்று பெயர். “அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு? ரொம்ப அவசரம்.”

நடைபாதையில் பிராட் லுட்விக் வாஃபிள் இயந்திரத்தைக் கையில் ஏந்தியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“முக்குல பெட்ரோல் பங்க் இருக்கு கண்ணு,” என்றாள் டோரீன்.

“அதுவரைக்கும் தாங்காது. இங்கயே ஆயிடும் போல இருக்கு.”

“போக விடு, டோரீன். புள்ளத்தாச்சி,” என்றார் மெர்ல்.

டோரீன் யோசித்தாள். பிறகு, இருபது வருட அனுபவமுள்ள ஒரு முகவருக்குத் தோன்றக்கூடிய தீர்வு தோன்றியது. “கண்ண இறுக மூடிக்கோ. நான் கூட்டிட்டுப் போறேன். உள்ள போய்க் கதவச் சாத்தினதும் திறந்துக்கலாம்.”

கெய்லாவின் கண்களின் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டு, கல்யாணக் கூடத்தை நோக்கியும் பள்ளத்தை நோக்கியும் ஒரே சமயத்தில் நடத்திப் போவதைப் போல, பெயர்ந்த தரையைச் சுற்றி அவளை அழைத்துப் போனாள். தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு வீட்டைக் காட்டாமல் இருப்பதற்கு இவ்வளவு பார்வையாளர்கள் அதுவரை வந்ததில்லை.

திரும்பி வந்த கெய்லாவின் முகத்தில் வெளிச்சம். வாசலில் நின்று தன் கணவனைக் கூவி அழைத்தாள். “ஏய் டக்கர்! உள்ள சிங்கப்பாதம் வச்ச குளியல் தொட்டி இருக்குடா! நாம ஒரு வருஷமா தேடுறமே, அதேதான்! இந்த வீட்டையே வாங்கிடலாம்டா!”

பிராட் வாஃபிள் இயந்திரத்தைக் கீழே வைத்தான். “காட்டினது காட்டினதுதான், டோரீன். பாத்ரூம் என்ன, வீட்டுல சேர்த்தி இல்லையா?”

அன்று மாலைக்குள் வீடு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. பெயர்ந்த தரையில் ஜனங்கள் பலகை போட்டு நடந்து பார்த்தார்கள். வந்த விலைகளில் மெர்ல் அதிகமானதை ஏற்றார். வாங்கியது கெய்லாவும் டக்கரும்தான். அவர்களுக்காகப் பேரம் பேசியது பிராட்.

புதன்கிழமை குழு கூடியது. பிராட் கொடுத்த புகாரை ஐந்து பேர் விசாரித்தார்கள். டோரீனும் அதில் ஒருத்தி. விலகிக்கொள்ளச் சொல்ல விதியில் இடம் இல்லை. கண்ணை மூடி அழைத்துப் போவது காட்டுவது ஆகுமா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். இருவர் ஆகும் என்றார்கள், இருவர் ஆகாது என்றார்கள். ஐந்தாவது குரலுக்காக எல்லாரும் டோரீனைப் பார்த்தார்கள். ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவர் நாற்காலி கையில்.

“விதியில ‘எந்த மனிதருக்கும்’னு இருக்கு,” என்றாள் டோரீன். “புள்ளத்தாச்சி தவிரன்னு இல்ல. தொட்டிய அவ பார்த்துட்டா.”

தனக்கு எதிராகத் தானே கையை உயர்த்தினாள். உயர்த்திய கையை இறக்காமலே, “இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு,” என்றாள். மற்ற நாலு பேரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பிராட் தலைவரானான். பதவியேற்றதும், தன் முதல் கடமையாக, விதியின் நகல் ஒன்றைக் கேட்டு டோரீனுக்குத் தொலைபேசி செய்தான்.