'வலிக்கு' என்றால் இழு

எங்கள் காரில் இனி ஏறவே மாட்டேன் என்று அம்மா ஆரியங்காவு மலைப்பாதையில் நின்றுகொண்டு சொன்னாள். தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் எதிரே லாரி வர, அப்பா சட்டென்று ஒடித்தார். கார் பழசு. டிக்கியில் ஒரு மூட்டை அரிசி வேறு. பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்தது, பிறகு மறுபுறமாகச் சாய்ந்தது, கடைசியில் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றது. அம்மா கதவைத் திறந்து இறங்கி, மிச்ச மலையை நடந்தே இறங்கப் போவதாக அறிவித்தாள். கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தாள். நானும் அப்பாவும் பின்னாலேயே காரை ஊர விட்டுக்கொண்டு போனோம்.

நான் வெளியே சிரித்தேன். உள்ளே அம்மாவைவிட எனக்குத்தான் நடுக்கம். பத்து வயதில் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். படகுத்துறை, பல் டாக்டர், பிரஷர் குக்கர், எல்லாம் பயம்தான். அந்தப் பட்டியலில் அன்று காரும் சேர்ந்துகொண்டது.

அம்மாவின் பிடிவாதத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர் அவளுடைய தம்பி. மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். தோப்பும்படியில் மீன்பிடிப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை. படகு எஞ்சினே பார்க்கிறவனுக்குக் கார் எம்மாத்திரம் என்பது அவருடைய நியாயம். கூரியரில் ஒரு நீளப் பெட்டி வந்தது. உள்ளே தடித்த இரும்புக் கம்பி ஒன்று, இரண்டு முனையும் வளைந்து. அதன் பெயர் ஸ்வே பார். பின்சக்கரங்கள் இரண்டையும் அது சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வளைவில் கார் சாயாதாம்.

"இந்தக் கம்பியால எங்க உசுரக் காப்பாத்தப் போறியாக்கும்?" என்றாள் அம்மா.

"மாட்டிட்டுக் கூப்பிடுதேன், வந்து ஏறிப் பாருக்கா" என்றார் மாமா.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு மலையாளத்தின் மேல் தனிப் பெருமை. பட்டறையில் இருந்த மற்றத் தமிழர்கள் எல்லாரையும் மலையாளிகள் 'அண்ணாச்சி' என்றுதான் அழைப்பார்கள். அந்த அழைப்பில் மரியாதை கொஞ்சம், கேலி நிறைய. மாமா மட்டும் அங்கே 'சேட்டன்', மலையாளிகள் தங்கள் சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் தென்காசிக்காரர் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். "நம்மள ஒருத்தனும் அண்ணாச்சின்னு கூப்பிட முடியாதுல்லா பிள்ள" என்று என்னிடம் மீசையைத் தடவிக்கொள்வார். வேலைக்கு மலையாளம், சோற்றுக்குத் தமிழ் என்று பிரித்து வைத்திருந்தார். கையில் ஸ்பேனர் ஏறிவிட்டால் வீட்டிலும் அவர் வாயில் மலையாளம்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வைப்பின் தீவில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் வேலையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று மாமா, வீட்டு வாசலில் காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தார். பின்சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். இரண்டு காலில் எம்பி நின்ற அந்தக் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். மாமாவில் மிச்சம் வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழேதான்.

எனக்கு இரண்டு பொறுப்புகள். முதலாவது, ஆடு. எங்கள் தெருவில் ஆடுகள் யாரையும் மதிப்பதில்லை. காரின் மேலே ஏறும், நிழலுக்காக அடியிலும் படுக்கும். அவற்றில் ஒன்று வந்து ஸ்டாண்டை முட்டினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து நான் குச்சியும் கையுமாக நின்றேன். வீட்டு மூலையில் கிழட்டு வெள்ளாடு ஒன்று அசைபோட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று எனக்கு அதுதான் எமன்.

இரண்டாவது பொறுப்பு, கயிறு. கம்பியின் வலது முனையை மாமா எப்படியோ பொருத்திவிட்டார். இடது முனை தொங்கியது. அதைத் தூக்கி அச்சோடு ஒட்டிப் பிடித்தால்தான் போல்ட் நுழையும். அதற்கு மூன்று கை வேண்டும். தொங்கிய முனையில் மாமா ஒரு கயிற்றைக் கட்டி, அதை அச்சின் மேலே போட்டு, மறுநுனியை வெளியே என் கையில் கொடுத்தார்.

"நான் வலிக்குன்னு சொன்னா இழுக்கணும். மதின்னு சொன்னா நிறுத்தணும். வெளங்கிச்சா?"

விளங்காமல் என்ன? நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். 'வலிக்கு' என்றால் இழு, 'மதி' என்றால் போதும். கயிற்றில் கையும் ஆட்டில் கண்ணுமாக நின்றேன்.

"வலிக்கு" என்றார். இழுத்தேன். "மதி" என்றார். போல்ட் நுழையவில்லை. தளர்த்தச் சொன்னார். மறுபடி "வலிக்கு", மறுபடி "மதி". அப்போதும் ஓட்டை நேராக வரவில்லை. உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளாடு எழுந்து இரண்டடி முன்னால் வந்தது. நான் அதை நோக்கிக் காலால் மண்ணைத் தள்ளினேன்.

"வலிக்கு" என்றது மாமாவின் குரல்.

இழுத்தேன். 'மதி' வரவில்லை.

"வலிக்கு... ஏ பிள்ள, வலிக்கு!"

போதவில்லை போலிருக்கிறது என்று வாசல் படியில் காலை உதைத்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து இழுத்தேன். மாமாவின் குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. அதைப் பார்த்ததும் கார் இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். என் கை இன்னும் இறுகியது. கயிற்றை விட்டால் கார் மாமாவின் மேல் விழுந்துவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

"விடு! விடுட்டி!"

நல்லவேளையாக அந்தச் சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே பொருள். விட்டேன். கம்பி விழுந்த சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மாமா ஊர்ந்து வெளியே வந்தார். அவருடைய இடது கையை அவரே வலது கையால் மூடிப் பிடித்திருந்தார். விரலிடுக்கில் இரத்தம். கார் மட்டும் அப்படியே நின்றது. ஆடும் அப்படியே நின்றது.

"என்னலே ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ஸ்பேனர் வழுக்கிட்டு."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். நடுவில் அம்மா, இருபுறமும் நாங்கள். அம்மா தன் முந்தானையால் அவர் கையைச் சுற்றியிருந்தாள். பாலத்தில் ஆட்டோ தூக்கிப் போட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு முனகினார்.

"வலிக்குக்கா. ரொம்ப வலிக்..."

பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து, அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். பிறகு, "நோவுதுக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் வலிக்கிறது என்பதும் 'வலிக்கு'தான். வேலைக்கு எந்தப் பாஷையை வைத்திருந்தாலும், விரல் நசுங்கியபோது அவர் வாயில் வந்தது தென்காசி. அச்சுக்கும் கம்பிக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டு ஒரு மனுஷர் நோகிறது நோகிறது என்று கெஞ்ச, நான் இழுத்திருக்கிறேன். அவர் கெஞ்சக் கெஞ்ச இழுத்திருக்கிறேன். ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கும் பயமாக இருந்தது.

ஒரு நகம் போயிற்று. மோதிர விரல் பிழைத்தது, ஆனால் பிறகு மடங்கவே இல்லை. பட்டறையில் இனி எப்படி வேலை செய்வான் என்று அம்மா அழுதபோதெல்லாம் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். மாமா வாயைத் திறக்கும்போதெல்லாம் இப்போது சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். கேட்டவர்கள் எல்லாரிடமும் ஸ்பேனர் வழுக்கிய கதையைத்தான் சொன்னார். அடியில் இருட்டு, அவசரம், யார் எப்போது இழுத்தார்கள் என்று அவருக்கே தெரியவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது.

கட்டுப் போட்ட கையோடு மாமா அடுத்த வாரம் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பாதான் வேலையை முடித்தார். "இழுங்க அத்தான். போதும் அத்தான்" என்றார் மாமா. கையில் ஸ்பேனர் இல்லாததால் மலையாளம் வரவில்லை போலும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அதே மலைப்பாதையில் போனோம். கார் சாயவில்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாயவில்லை, சாயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வளைவுகளைப் பார்க்கவில்லை. முன் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்த மாமாவின் கையில், மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த மழைக்காலத்தில் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்று, "அண்ணாச்சீ!" என்று கூப்பிட்டார்கள். மாமாவின் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல் ஆகி, பிறகு சரியாயிற்று. எனக்கு ஒரே சிரிப்பு. பெருமை பேசினாரே, கடைசியில் மாட்டிக்கொண்டாரா என்று நானும் நாலு நாள் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன். அவரும் சிரித்தார்.

போன வருடம் என் கல்யாணப் பத்திரிகையை மாமாவின் முதலாளிக்குக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். படகிலிருந்து ஒரு எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் "வலிக்கு! வலிக்கு!" என்று கத்தினார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும் "இழு! இழு!" என்றது. நரைத்த மீசை, நீட்டிக்கொண்டிருந்த விரல்.

பக்கத்தில் நின்ற பையன் என்னிடம் சிரித்தான். "ஞங்ஙள்டெ அண்ணாச்சிக்கு 'இழு' மாத்ரமே வரூ" என்றான். எத்தனையோ வருடமாக இங்கே இருக்கிறார், மலையாளம் வெள்ளமாகப் பேசுவார், 'வலிக்கு' என்கிற இந்த ஒரு சொல் மட்டும் அவர் நாக்கில் ஏறவே ஏறாது, அதனால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது என்றான்.

நான் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு என்னால் போனது ஒரு விரல் மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.