பதினேழாம் கேள்வி

கிராம உத்தியோகத்தருக்குக் கந்தோர் பூட்டினாலும் வேலை முடியாது. கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் ஒரு கை படிவத்தை நீட்டும். என் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்றவர்களே, கையெழுத்துக் கிடைக்காத கவலை உங்களுக்கு என்றால், போட்டுவிட்ட கவலை எனக்கு. சிபானுக்குப் போட்டது அப்படி ஒன்று.

இரண்டு வரி இடம்

சிபான் சாய்ந்தமருதுப் பிள்ளை, இருபத்தாறு வயது, மின்னியல் படித்தவன். விமான நிலையத்தில் தொழில்நுட்ப வேலைக்குப் பரீட்சையும் நேர்முகமும் முடிந்து, பாதுகாப்பு அனுமதி மட்டும் பாக்கி. அந்தப் படிவத்தில் என் கையெழுத்துக்காக வந்தான். பதினேழாம் கேள்வியை மட்டும் நிரப்பவில்லை: எப்போதாவது போதைப்பொருள் பாவித்ததுண்டா?

ஐந்து வருடத்துக்கு முன் அவன் ஐஸ் என்ற போதைப்பொருள் பாவித்ததும், எட்டு மாதத்தில் உடம்பு பாதியானதும், புனர்வாழ்வு நிலையத்துக்குப் போய்த் திருந்தி வந்ததும் எனக்குத் தெரியும். அவனை அங்கே அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திட்டதே நான்தான். 'இல்லை' என்று எழுதும்படி அவனுடைய மாமா சொன்னாராம். எதை எழுதினால் வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பொய்யென்று தெரிந்த தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு 'ஆம்' என்று எழுதிவிட்டுச் சொன்னான்: "மிஸ், இதில ரெண்டு வரிதான் இடம் இரிக்கி. வேற தாள் ஒண்டு தாங்க."

உம்மா வந்தா

மறுநாள் அவனுடைய உம்மா வந்தா. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறதாம். வேலையும் போய் அந்தச் சம்பந்தமும் போனால் பிள்ளை பழையபடி விழுந்துவிடுவானோ என்று அவவுக்குப் பயம். நான் செய்தது சரிதானா என்று எனக்கே அப்போது சந்தேகம். அவ நின்றபடியே கேட்டா: "எல்லாரும் இல்ல எண்டு எழுதக்குள்ள, என்ட மகன் மட்டும் ஏன் மிஸ் உண்மைய எழுதணும்?"

விசாரிக்க வந்தவர்

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்தார். தமிழ் நன்றாகவே கதைத்தார். முதலில் சிபானின் தெருவில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாராம். பழைய கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அவன் இணைத்த தாளோடு திகதி திகதியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய பழக்கம் பாதகமாகுமா என்று கேட்டேன். எப்போது, எவ்வளவு காலம், விட்டு எத்தனை வருடம் என்றெல்லாம் பார்ப்பார்களாம். முடிவு தன் கையில் இல்லையாம். எழும்பும்போது மட்டும் சொன்னார்: "ஒளிச்சு வச்சவரை யாரும் மிரட்டி எதையும் செய்ய வைக்கலாம், மிஸ். இவரை எதைச் சொல்லி மிரட்டுறது?"

நிபந்தனை

அதற்குப் பிறகும் நான்கு மாதம் சத்தமே இல்லை. சிபான் மோட்டார் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். நானும் அந்தத் தெருவால் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு உம்மா ஒரு தட்டில் தொதல் இனிப்போடு வந்தா. இந்த முறை கேட்காமலே கதிரையில் உட்கார்ந்தா. அனுமதி கிடைத்துவிட்டது, ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்கள். பெண் வீட்டாருக்கு எல்லாவற்றையும் சிபானே போய்ச் சொல்லியும் ஆயிற்றாம். நிபந்தனை என்ன என்று கேட்டேன். "வருஷத்துக்கு ஒருக்கா மூத்திரம் சோதிப்பாங்களாம். சோதிக்கட்டும் மிஸ், என்ட மகனுக்கென்ன பயம்?"

இத்தனை வருட உத்தியோகத்தில் எத்தனையோ பேரை நல்லவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தான் கெட்டுப்போயிருந்ததைத் தன் கையாலேயே எழுதித் தந்த ஒருவனைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.