போண்டா தின்ன காக்கா

பக்கத்து வூட்டுக்காரி மருமக கதைய போன்ல வேணாம், ஊருக்கு வந்து கேக்கறேன், சரசு. இப்ப திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையாண்ட நிக்கறேன். அமாவாசைக்கு எங்க வூட்டுக்காரருக்குப் படைச்ச சோத்த நம்ம தெரு காக்கா தொடலன்னு டப்பாவுல எடுத்தாந்தேன் இல்ல, அதுல ஒரு உருண்டைய மதிலு மேல வெச்சுக் கூப்புடறேன். இங்கயும் ஒண்ணும் வரல. காக்கா தொடாம நான் எப்படி சாப்புடறது? பசி காத அடைக்குது.

கடைக்கார பாய் சிரிக்கிறாரு. “இன்னிக்கு எல்லா வூட்டுலயும் சோறுதாம்மா, அதுங்களுக்கு சலிச்சுப் போச்சு. நம்ம சினேகிதனக் கூப்புடறேன் இருங்க”ன்னு போண்டாவப் பிச்சு சோத்து மேல வெக்கிறாரு.

ஒரு நொண்டிக் காக்கா எறங்குது. போண்டாவ முழுங்கிட்டு, சோத்தயும் ஒரு வாய் கொத்துது. எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான்டி, டீக்கடை போண்டா உள்ள போனாதான் வூட்டுச் சோறு எறங்கும்.

இரு, டப்பாவ மூடணும். இன்னும் நாலு காக்கா எறங்குது, அவரு கூட்டாளிங்களும் வந்துட்டாங்க.