வலது ஓரத்து இளஞ்சிவப்பு

என் அயலவர் கிறிஸ்தோபர் திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருபத்தாறு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுப்பவர். அவருடைய கமராவில் ஒரு குறை இருந்தது. எதைப் படம்பிடித்தாலும் வலது ஓரத்தில், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு, மெல்லிய இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். சல்லி ஊர்க் கடற்கரையின் வெறும் மணலை எடுத்தாலும் அது அங்கே இருக்கும்.

உண்மையில் குறை கமராவினுடையது அன்று. புதிய லென்ஸ் பொருத்தினால், ஒரே சீராக ஒளி விழும் வெள்ளைப் பரப்பொன்றைக் கமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அப்பரப்பில் எங்கே நிறம் பிசகியிருக்கிறதோ, அதைக் கமரா தன்னுடைய வழுவென்று கொண்டு, எதிரான நிறத்தை அவ்விடத்தில் சேர்த்துச் சமப்படுத்தும். மறுமுறை அழுத்தும்வரை அந்தத் திருத்தம் எல்லாப் படங்களிலும் தொடரும்.

சென்ற ஆண்டு, மாதா கோயில் திருவிழாவன்று காலையில், கிறிஸ்தோபர் புதிய லென்ஸைப் பொருத்திவிட்டு, முற்றத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைத் தொங்கவிட்டார். துறைமுகக் காற்று அதை நிற்க விடவில்லை. திருவிழாவுக்கென்று பச்சைச் சேலை உடுத்தியிருந்த அவர் மனைவி அஞ்சலினா வந்து வலது ஓரத்தை இழுத்துப் பிடித்தார். அவர் நின்றது படத்துக்கு வெளியேதான். ஆயினும் சேலையில் பட்ட வெயில் தெறித்து, விரிப்பின் ஓரத்தில் பச்சை சாய்ந்தது. கமரா அந்தப் பச்சையை அழிக்க இளஞ்சிவப்பை இட்டது.

அதற்கு மூன்றாம் மாதம் அஞ்சலினா மாரடைப்பால் இறந்தார்.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். கிறிஸ்தோபர் செய்யவில்லை. நண்பகலில் தன் வீடியோக் கடையை அடைத்துவிட்டு, கமராவை வெறுஞ்சுவருக்கு நேரே நிறுத்தித் திரையைப் பார்த்திருப்பார். ஒருநாள், பள்ளிக்கூட ஆசிரியனான நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுவரில் ஒன்றுமில்லை. திரையின் வலப்பக்கத்தில் யாரோ வந்து நின்றதுபோல் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதேங்கோ மாஸ்டர்," என்றார் தணிந்த குரலில். "அவ நிக்கிறா."

வாடிக்கையாளர் மூவர் விலகினர். எஞ்சியது ஒரே ஒரு திருமணம். மணமகளின் தாய் நிரோஜினி உவர்மலையிலிருந்து நேரில் வந்தார்.

"அண்ணை, நீங்க எடுத்த என்ர அக்காவின்ர மகளின்ர கலியாண வீடியோ பாத்தனான். மாப்பிள்ளை வலப்பக்கம் போனா குடிச்ச வெறிகாரன் மாதிரிச் சிவக்கிறார், இடப்பக்கம் வந்தா தெளியிறார்!"

"லென்ஸில பிழை, பிள்ளை."

"அப்ப திருத்துங்கோ. ஏலாதெண்டா சொல்லுங்கோ, சனிக்கிழமைக்கு வேற ஆளைப் பிடிக்கிறன்."

வெள்ளிக்கிழமை நானும் அவரும் கடைக்குள்ளேயே வெண்ணிறக் காகித மட்டையொன்றைச் சுவரில் பொருத்தி, இருபுறமும் சம தூரத்தில் விளக்கு வைத்தோம். அவருடைய விரல் பொத்தானருகே நின்றது.

"நீங்க அமத்துங்கோ மாஸ்டர். எனக்கு ஏலாது."

"அமத்தினா அவ போயிடுவா எண்டு நினைக்கிறீங்களோ?"

"ஓம். போயிடுவா."

நான் பொத்தானைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து அவரே அழுத்தினார். திரை ஒருமுறை கருத்தது. பின்பு ஓரத்துக்கு ஓரம் ஒரே வெள்ளை. அவர் விளக்குகளை அணைத்தார்.

திருமணம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பின் நிரோஜினி மீண்டும் வந்தார்.

"நிறம் அந்தமாதிரி அண்ணை, குறை சொல்ல ஏலாது. ஆனா ஏன் எல்லாரையும் இடப்பக்கம் நெருக்கிப்போட்டு எடுத்தனீங்கள்? என்ர மனுசன்ர பாதித் தோளைக் காணேல்லை. மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்குது?"

கிறிஸ்தோபர் கமராவை உறைக்குள் வைத்தார்.

"அதுக்குள்ள ஆக்களை விட மனம் வரேல்லை, பிள்ளை."