கொடுவாவுக்காகக் கூட்டிய கூட்டங்கள்

மீனை மீட்கும் உத்தியோகம் என்றால் தண்ணீருக்குள் நிற்பது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். நின்றதெல்லாம் சோதனைச்சாவடி வரிசையில். ஊரைக் கூட்டிக் கூட்டம் வைக்கும் வேலை பார்த்த புண்ணியவான்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

யுத்த காலம். கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவியில் வந்து விழும் ஓர் ஓடை. அதன் கரையில் நின்ற கண்ணா என்னும் அலையாத்தி மரங்களைப் படையினர் பாதுகாப்புக்கென்று வெட்டியிருந்தார்கள். கட்டைகள் ஓடைவாயை அடைத்துக் கிடந்தன. மேலே வெள்ளாமைக்காரர் உப்புத் தண்ணீர் ஏறாமல் மண்ணணை போட்டிருந்தார்கள். கொடுவா மீன் குஞ்சுகள் மாரியில் ஓடைக்குள் வந்துதான் வளரும். வழி இரண்டு பக்கமும் அடைபட்டுப் போனதால் வாவியில் கொடுவாவைக் காண்பதே அரிதாகிவிட்டது. எல்லாரையும் ஒன்றாக இருத்தித் திட்டம் போடச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

வரைபடம்

முதற் கூட்டத்தில் ஊரார் சேர்ந்து ஓடையைப் பெரிய தாளில் வரைந்தார்கள். வளைவுகள், ஆழமான இடங்கள், கட்டைகள் கிடக்கும் இடங்கள், ஒன்றும் தப்பவில்லை. நான் பெருமையோடு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடிக்குப் போனேன். யுத்த காலத்தில் கையால் வரைந்த வரைபடத்தோடு யாராவது சாவடிக்குப் போவார்களா? நான் போனேன்.

இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். மீன், மீன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தது. கடைசியில் சாவடியில் நின்ற இளம் சிப்பாய் என்னை விட்டுவிட்டுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டான்: “மீனுக்கு வழி தெரியும்தானே, மாத்தயா. படம் யாருக்கு?”

துவாய்

அதன்பிறகு தாளே இல்லை. மாதா கோயில் மண்டபத் தரையில் கயிற்றை வளைத்து ஓடை செய்வோம், மட்டிச் சிப்பியால் கரை வைப்போம், கூட்டம் முடிந்ததும் அள்ளிச் சாக்கில் கட்டுவோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் விளைவிக்கும் வெள்ளாமைக்காரர் பூபாலப்பிள்ளை வந்ததும் முதல் வேலையாகத் தோளில் கிடந்த துவாயை மடித்துக் கயிற்றுக்குக் குறுக்கே போடுவார். அதுதான் அவருடைய அணை. “உப்பு ஏறினா வட்டையில நெல்லு முழுக்கக் கருகும் சேர்” என்பார். அதுவும் உண்மைதான்.

எதிரே செல்லம்மாக்கா இருந்தா. தோணியோடு போன புருசன் திரும்பவில்லை. நடு வாவிக்குப் போகத் தடை. ஓடைவாயில் அத்தாங்கு என்னும் சிறு கைவலையால் இறால் அரித்துத்தான் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு. நாலாம் கூட்டத்தில் அவ எழும்பி வந்து குனிந்து சொன்னா: “துவாய எடுங்க அண்ணே, என்ர மீன் வாற வழியில கிடக்கு.”

மரத்தின் உயரம்

மாரி வெள்ளம் வரும்போது அணையை வெட்டிவிடுவது, வெள்ளம் வடிந்ததும் கட்டுவது என்று முடிவானது. கட்டைகளை ஊரே இறங்கி இழுத்தது. கண்ணாக் கன்று நடத்தான் சாவடி அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. மறைவு உண்டாகும் என்று யோசித்தவர், இடுப்புயரத்துக்கு மேல் வளரக்கூடாது என்று சொல்லி அனுமதித்தார். நான் அதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மீனவர் அமைதியாகக் கேட்டார்: “அத மரத்துக்கிட்ட ஆர் சேர் சொல்றது?”

அத்தாங்கு

மிச்சம் ஒன்றே ஒன்று. மாரி முடியும்வரை ஓடைவாயில் ஒருவரும் வலை போடக்கூடாது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். செல்லம்மாக்கா உயர்த்தவில்லை. மற்றவர்களுக்கு வேறு இடம் இருந்தது, அவவுக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு என் திட்டத்தின்மேலேயே வெறுப்பு வந்தது. மீனுக்கு வழி திறக்க ஒரு வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்கிறேனே!

பூபாலப்பிள்ளை துவாயை உதறித் தோளில் போட்டார். “மாரி முடியுமட்டும் அரிசி என்ர வீட்டில இருந்து வரும், புள்ள” என்றார். அவ மெல்லக் கையை உயர்த்திச் சொன்னா: “மாரி மட்டுந்தான். பங்குனியில அத்தாங்கோட வந்து நிப்பன்.”

வந்தவர்கள்

அரிசி சொன்னபடி வந்தது. வெள்ளம் வந்தது, அணை வெட்டுப்பட்டது. தை பிறந்து சில நாளில் செல்லம்மாக்கா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டா. கன்றுகளுக்கிடையே முழங்கால் தண்ணீரில் நின்றா. வெறும் கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளிக் காட்டினா. விரலளவு குஞ்சு, நெற்றியில் வெள்ளைக் கோடு. கொடுவா! சுற்றிப் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உத்தியோகத்தை மறந்து, கரையில் போகிறவர்களையெல்லாம் “வாங்க, வாங்க!” என்று கத்திக் கூப்பிட்டேன்.

செல்லம்மாக்கா குஞ்சைப் பத்திரமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தா: “கத்தாதீங்க சேர், கூட்டம் வைக்கப் போறீங்களெண்டு அதுகளும் ஓடிரும்.”

அத்தனை கூட்டத்துக்கும் ஆள் சேர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழைப்பே இல்லாமல் நேரத்துக்கு வந்து சேர்ந்தவை அந்தக் குஞ்சுகள் மட்டுந்தான்.